அஃப்சல் பேக்கின் நிலமும் அரசியலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காஷ்மீர் நிலச்சீர்திருத்தம் பற்றிய குறிப்பில், அன்று மாநில அரசின் தலைவராயிருந்த ஷேக் அப்துல்லாவைவிட அவருடைய அமைச்சர் மிர்சா அஃப்சல் பேக்கை முன்னிறுத்தியிருந்தீர்கள். இழப்பீடின்றி நிலத்தைப் பறித்தது இந்துக்களுக்கு எதிரான செயல் என்று சிலர் சொல்கிறார்கள். மேலும், காஷ்மீர் எந்த நாட்டோடு சேர்வது என்பதை மக்களே முடிவுசெய்யப் பொது வாக்கெடுப்பு கேட்டு இருபது ஆண்டுகள் போராடிய பேக், கடைசியில் தில்லியோடு உடன்பட்டுவிட்டார். அவரை எப்படி மதிப்பிடுவது?

கா.

அன்புள்ள கா.,

பேக் அலிகரில் சட்டம் பயின்றவர். ஷேக்கின் அமைச்சரவையில் 1953 வரை வருவாய்த்துறையை வைத்திருந்தவர். அவர் பொறுப்பில் 1950இல் வந்த சட்டம், ஒருவர் 182 கனாலுக்கு மேல், அதாவது 22.75 ஏக்கருக்கு மேல், நிலம் வைத்திருக்கக் கூடாது என்றது. மிகுதி நிலம் உழுதுகொண்டிருந்தவருக்குச் சொந்தமாயிற்று. சுமார் 9,000 உடைமையாளர்களிடமிருந்து ஏறத்தாழ 4.5 லட்சம் ஏக்கர் எடுக்கப்பட்டது. இழப்பீடு கிடையாது என்று 1952இல் மாநில அரசியல் நிர்ணய சபை முடிவுசெய்தது.

இதே காலத்தில் பீகாரின் நிலச்சீர்திருத்தச் சட்டத்தைப் பாட்னா உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. அத்தகைய சட்டங்களைக் காப்பாற்றவே 1951இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றத்தில் சட்டங்கள் செல்லாதவையாகாமல் காக்கும் ஒன்பதாவது அட்டவணையைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஸ்ரீநகருக்கு அந்தத் தொல்லை நேரவில்லை, ஏனெனில் இந்திய அரசியல் சட்டத்தின் சொத்துரிமைப் பிரிவு அன்று அங்கே நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. பேக் மாநிலத் தன்னாட்சியில் காட்டிய பிடிவாதத்தை நான் இங்கிருந்துதான் புரிந்துகொள்கிறேன். அது போனால் உழவர் கையிலிருக்கும் பட்டாவும் வழக்குமன்றத்துக்குப் போகும் என்பது ஒரு வழக்கறிஞருக்குத் தெரியாமல் இருக்காது.

மதக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பள்ளத்தாக்கின் பெருநிலக்காரர்களில் பண்டிதர்கள் என்னும் காஷ்மீர் பிராமணர்களும், மன்னர் குடும்பம் சார்ந்த ஜம்முவின் டோக்ராக்களும் மிகுதி. அவர்கள் இழந்தது மெய். ஆனால் உச்சவரம்பு முஸ்லிம் பெருநிலக்காரரையும் விடவில்லை. ஜம்முவில் நிலம் பெற்றவர்களில் தலித் உழவர்கள் ஏராளம். சட்டத்தின் மீது என் குறை வேறு. பழத்தோட்டங்களுக்கு அது விலக்களித்தது. ஆப்பிள் விளையும் நாட்டில் இது சிறிய ஓட்டை அல்ல. வசதியுள்ளவர்கள் அதன் வழியே தப்பித்துக்கொண்டார்கள்.

1953 ஆகஸ்டில் ஷேக் பதவி பறிக்கப்பட்டுச் சிறைப்பட்டபோது பேக்கும் சிறைப்பட்டார். 1955இல் பொது வாக்கெடுப்பு முன்னணியைத் தொடங்கியவர் பேக்தான். ஷேக் அதில் முறைப்படி உறுப்பினராகக்கூட இருக்கவில்லை. பின்னர் இருவர் மீதும் தொடரப்பட்ட சதி வழக்கு 1964இல் திரும்பப் பெறப்பட்டது.

1974 நவம்பரில் தில்லியோடு உடன்பாட்டில் கையெழுத்திட்டவரும் அவரே. தில்லியின் சார்பில் கையெழுத்திட்டவர் ஜி. பார்த்தசாரதி, காஷ்மீருக்குத் தனி நிலை தந்த 370ஆவது பிரிவை வரைந்த கோபாலசாமி அய்யங்காரின் மகன். 1953க்கு முன் மாநிலத்துக்கு இருந்த விரிந்த தன்னாட்சியை பேக் கேட்டார், கிடைக்கவில்லை. இதைத் தோல்வி என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். துரோகம் என்பதை மட்டும் ஏற்க இயலாது. 370ஆவது பிரிவு நீடித்தது, நிலம் மாநிலத்தின் கையிலேயே இருந்தது. உடன்பாட்டுக்குப் பின் ஷேக் மீண்டும் அமைத்த, பேக்கும் இடம்பெற்ற அமைச்சரவையின் காலத்திலேயே, 1976இல், உச்சவரம்பு மேலும் குறைக்கப்பட்டது.

ஷேக்கின் பெயர் நின்று இவர் பெயர் மங்கியதற்குக் காரணம் எளியது. 1978இல் ஷேக்கே இவரைத் துணை முதல்வர் பதவியிலிருந்து நீக்கினார். கட்சியிலும் இடமில்லாமல் போனது. 1982இல் இருவரும் மறைந்தபோது ஒருவருக்கு ஆளும் கட்சியும் வாரிசும் இருந்தன. மற்றவருக்கு நினைவு நாள் நடத்த ஒரு கட்சி இல்லை.