ஏரி தூர்வாரும்போது கிடைத்த ஆமை: ஓடு மெத்தென்று இருப்பது நோயா?

நோய் இல்லைங்க. குடியாத்தம் பக்கத்து ஏரியில் ஜேசிபி வாரிப்போட்ட சேற்றில் கிடைத்தது, ஓட்டின் ஓரம் தோல் மாதிரி அமுங்குகிறது, மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தைப் பார்த்தால் பாலாமை. அதற்கு ஓரம் அப்படித்தான் இருக்கும்.

மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் பின்பக்கம் இரண்டு தோல் மடல்கள் இருக்கும். காலை உள்ளே இழுத்ததும் மடல் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். வேறு ஆமைகளிடம் இந்த வேலைப்பாடு பார்ப்பது அபூர்வம். வடக்கே உள்ளவற்றுக்கு முதுகில் மஞ்சள் புள்ளி உண்டு, நம் தெற்கத்தி ஆமைக்குக் கிடையாது. அதனால் நிறம் வெளிறிவிட்டது என்றும் பயப்பட வேண்டாம்.

சாப்பிடாததற்குக் காரணம் கோடை. ஏரி வற்றினால் இவை சேற்றில் புதைந்து மழை வரும்வரை அசையாமல் கிடக்கும். உங்கள் ஜேசிபி தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது, அவ்வளவுதான். நத்தை, தவளை, மீன், நீர்ச்செடி எல்லாம் தின்னும் பிராணிக்குப் பையன் போட்ட சாதம் வேண்டவே வேண்டாம்.

டப்பில் தண்ணீரைக் குறைத்து, ஏறி நிற்க ஒரு கல் போட்டு நிழலில் வையுங்கள். கழுத்து நீளம், நன்றாகக் கடிக்கும், முன்பக்கம் கை வைக்காதீர்கள்.

வளர்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணை, புலி இருக்கும் அதே பட்டியல். இன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.