பூனைப் பேணியின் பின்பக்கம்

கேள்வி: பூனைத் தீனிப் பேணியில் (டின்) புரதம் 10 சதவீதம் என்று இருக்கிறது, பூனை பிஸ்கட் பையில் 30. விலையோ பேணிக்குத்தான் கூட. ஏமாற்றா? (உவர்மலை)

பதில்: இந்த விஷயத்தில் இல்லை. பேணியில் பெரும்பகுதி தண்ணீர். ஈரப்பதம் 78 என்றால் மிச்சம் 22. அதில் 10 புரதம், அதாவது 45 சதவீதம். பிஸ்கட்டில் ஈரம் 10 அளவில்தான் இருக்கும். 90இல் 30 என்றால் 33. இப்போது சொல்லுங்கள், எது மேல்?

கேள்வி: உப்பிய பேணியைப் பாதி விலைக்குத் தந்தார்கள். கொதிக்க வைத்துக் கொடுக்கலாமா? (உப்புவெளி)

பதில்: வேண்டாம். திறக்காமலே எறியுங்கள்.

கேள்வி: முழுச் சூரை மீன் படம் போட்ட பேணி. உள்ளே சாம்பல் நிறக் களி. மீன் எங்கே? (திருஞானசம்பந்தர் வீதி)

பதில்: படத்தில். நானும் இப்படியொரு பளபளப்பை நம்பி ஒரு பெட்டியே வாங்கினேன். தெருப் பூனைகூட மோந்துவிட்டுப் போய்விட்டது. கடைக்காரர்கள் முன்பக்கத்தைத்தான் நம் முகத்துக்கு நேரே அடுக்குவார்கள், நாமும் அதைப் பார்த்தே காசை நீட்டுவோம். எனக்கு இதில்தான் எரிச்சல்.

அமெரிக்க விதியைப் பாருங்கள். பெயரில் வெறும் ‘டூனா’ (சூரை) என்றால் சேர்த்த தண்ணீரைக் கழித்து 95 சதவீதம் டூனா இருக்க வேண்டும். ‘டூனா டின்னர்’ என்றால் 25 போதும். ‘வித் டூனா’ என்றால் 3. ‘டூனா பிளேவர்’ என்றால் அளவே கிடையாது, ருசி தெரிந்தால் சரி. வேறு நாட்டுப் பேணிக்கு விதி வேறாக இருக்கலாம், ஆனால் தந்திரம் ஒன்றுதான்.

ஆகவே பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானங்களை எடை வரிசையில் போடுவார்கள். முதலில் மீனோ இறைச்சியோ வர வேண்டும். புரத எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. சோதனையில் புரதத்தை நேரே அளப்பதில்லை, அதிலுள்ள நைதரசனைத்தான் அளக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு சீனாவில் தீனிக்குப் போகும் கோதுமைப் பசையத்தில் நைதரசன் நிறைந்த மெலமைன் என்ற இரசாயனத்தைக் கலந்தார்கள். 2007இல் வட அமெரிக்காவில் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. கோடிக்கணக்கான பேணிகளையும் பைகளையும் திரும்பப் பெற்றார்கள்.

இன்னொன்று, ‘கம்ப்ளீட்’, அதாவது எல்லாச் சத்தும் உள்ள முழு உணவு, என்று இருக்கிறதா பாருங்கள். ‘காம்ப்ளிமென்டரி’ என்றால் அது இடையில் கொறிப்பதற்கு மட்டும், முழுச் சாப்பாடு அல்ல. டோரின் என்ற சத்து உணவில் குறைந்தால் பூனையின் இதயம் பலவீனமாகி வீங்கும் என்று 1987இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

கேள்வி: மலிவென்று நாங்கள் சாப்பிடும் மீன் பேணியையே கொடுக்கிறோம். பூனை விரும்பித் தின்கிறது. (கிண்ணியா)

பதில்: பிள்ளை விரும்புகிறதென்று மூன்று வேளையும் இனிப்புக் கொடுப்பீர்களா தம்பி? அதில் உப்பு அதிகம். தனி மீனையே தினமும் கொடுத்தால் விற்றமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பு அழற்சி கண்டு நோகும். எப்போதாவது ஒரு துண்டு கொடுங்கள், கழுவி.

கேள்வி: காலாவதித் திகதியின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். பூனை வாந்தி எடுக்கிறது. கேட்டால் கடைக்காரர் கைவிரிக்கிறார். (மூதூர்)

பதில்: உங்கள் மேல் பிழையில்லை அம்மா, மறைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். முதலில் மிருக வைத்தியரிடம் போங்கள். அப்புறம் பேணியைக் கழுவாமல், ஸ்டிக்கரை உரிக்காமல், பற்றுச்சீட்டோடு பத்திரப்படுத்துங்கள். படமும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், எழுத்திலும் கொடுங்கள், மூன்று மாதத்துக்குள். கடைக்காரர் பேணியைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: திறந்த பேணி எத்தனை நாள் தாங்கும்? (நிலாவெளி)

பதில்: மூடி பிரிஜ்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று நாள். தட்டில் மிஞ்சியதை நம் வெயிலில் விட்டு வைக்க வேண்டாம்.