பணம்தானே கேட்டார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டனில் மேற்படிப்பு படிக்கிறேன். கிரீனிச்சில் தீர்க்கரேகையைப் பார்க்கப் போன இடத்தில் புனித ஆல்ஃபெஜ் ஆலயத்துக்குள் நுழைந்தேன். கான்டர்பரிப் பேராயராக இருந்த இந்தத் துறவியை 1012-ல் டேனியக் கொள்ளையர்கள் அங்கேதான் கொன்றார்களாம். அவர்கள் கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லவில்லை, பணம்தானே கேட்டார்கள்? கொடுத்துவிட்டுப் பிழைத்திருக்கலாமே? இவர் எப்படி விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த மறைசாட்சி ஆவார்? இவருடைய அற்புதங்களை நம்பலாமா? இடைக்காலத் திருச்சபையைப் பற்றி எதிலிருந்து வாசிக்கத் தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஊர் பார்க்கப் போன பிள்ளை ஆலயத்துக்குள் நுழைந்து, இங்கே செத்தவர் யார் என்று விசாரித்திருக்கிறீர்கள். அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. ஆனால் அந்தப் 'பணம்தானே' என்னைத் தூங்கவிடவில்லை.

அற்புதங்களை விடுங்கள். அவை எனக்கு ஒரு பொருட்டே அல்ல.

உங்கள் ஐயம் பழையது. நார்மானியர் ஆட்சியில் கான்டர்பரிப் பேராயராக வந்த லான்ஃப்ராங்க் இதையே கேட்டார். பதில் சொன்னவர், பின்னால் அதே பதவிக்கு வந்த துறவி ஆன்செல்ம். திருமுழுக்கு யோவானையும் யாரும் கிறிஸ்துவை மறுதலிக்கச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னதற்காகக் கொன்றார்கள். உண்மைக்காகச் சாவதும் நீதிக்காகச் சாவதும் வேறல்ல என்றார். லான்ஃப்ராங்க் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், ஆல்ஃபெஜின் வரலாற்றை எழுத ஆஸ்பர்ன் என்ற துறவியைப் பணித்தார். லான்ஃப்ராங்கே தலையாட்டிய இடத்தில் நீங்கள் முரண்டு பிடிக்கிறீர்கள்!

சரி, யாருடைய பணம்? ஒரு கணம் யோசித்தீர்களா? தாக்குதலை நிறுத்துவதற்காக டேனியர்களுக்கு 991-ல் 10,000 பவுண்டு வெள்ளி, 994-ல் 16,000, 1002-ல் 24,000 கொடுத்தார்கள். 1012 வசந்தத்தில் 48,000. ஒரு பவுண்டுக்கு 240 வெள்ளிக்காசு, நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்தக் காலத்து ஆங்கில வெள்ளிக்காசுகள் இங்கிலாந்தைவிட ஸ்காண்டிநேவியாவில்தான் அதிகமாகத் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்து அரசன் எதெல்ரெட் இதைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. நிலத்தின் அளவுக்கு இவ்வளவு என்று ஊர் ஊராகக் கறந்தார்கள். 1011 செப்டம்பரில் கான்டர்பரி வீழ்ந்து பேராயர் பிடிபட்டார். அவர் தலைக்குத் தனி விலை வைத்தார்கள். 3,000 பவுண்டு என்கிறது பின்னால் எழுதப்பட்ட ஒரு வரலாற்றுக் குறிப்பேடு. அதையும் கொடுப்பது யார்? ஏற்கெனவே கறக்கப்பட்ட குடியானவன்தான்.

தனக்காக யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆல்ஃபெஜ் தடுத்துவிட்டார். ஏழு மாதம் சிறையிலிருந்த கிழவர் அவர். ஏப்ரல் 19 அன்று, தெற்கிலிருந்து வந்த திராட்சை மதுவில் வெறி ஏறிய கூட்டம் எலும்புகளையும் மாட்டுத் தலைகளையும் அவர்மேல் எறிந்தது. கடைசியில் ஒருவன் கோடரியின் பின்பக்கத்தால் மண்டையில் அடித்தான்.

இன்னொன்று சொல்கிறேன், பக்தர்கள் கோபித்துக்கொள்ளட்டும். அதே காலத்தில் ஜெர்மனியில் வாழ்ந்த ஆயர் தீட்மார் இதை எழுதிவைத்திருக்கிறார். பேராயரின் பெயரையே டன்ஸ்டன் என்று தவறாக எழுதியவர், ஆனாலும் கவனிக்க வேண்டியவர். பசிக் கொடுமையில் பேராயர் முதலில் பணம் தருவதாக ஒப்புக்கொண்டு நாள் குறித்தார் என்கிறார் அவர். குறித்த நாள் வந்தபோது பணமில்லை, இதோ என் உடல் என்றாராம். இதனால் அவர் என் கண்ணில் குறையவில்லை, உயர்ந்தார். வாக்களித்த நாளுக்கும் தவணை நாளுக்கும் நடுவில் அவர் எந்தெந்தக் கிராமத்தை நினைத்திருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. முதல் நாளே வீரம் பேசும் புனிதர்கள் எனக்கு அலுத்துப்போய்விட்டார்கள்.

கதை அதோடு முடியவும் இல்லை. கொலையைத் தடுக்க, கப்பலைத் தவிர எல்லாம் தருகிறேன் என்று கெஞ்சியதாகத் தீட்மார் சொல்லும் டேனியப் படைத் தலைவன் தோர்கெல், அதே ஆண்டு 45 கப்பல்களோடு எதெல்ரெட் பக்கம் சேர்ந்தான். அந்தப் படைக்குச் சோறும் துணியும் கொடுக்கப் புதிய வரி ஒன்று போட்டார்கள். அது 1051 வரை நீடித்தது. கட்டியவர்கள் ஆல்ஃபெஜ் யாரைக் காப்பாற்ற நினைத்தாரோ அவர்களேதான்.

புத்தகம் கேட்டீர்கள் அல்லவா? ஆன்செல்மின் வாழ்க்கையை அவருடைய சீடர் எட்மர் எழுதியிருக்கிறார். லான்ஃப்ராங்கோடு நடந்த அந்த உரையாடலை முதலில் படியுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.