பாதியில் வயிற்றைத் திறந்தது தவறல்ல

கேள்வி: என் மகளுக்கு வயது 22. குடல்வால் அழற்சிக்காக அவசர அறுவை நடந்தது. நுண்துளை (லேப்ராஸ்கோப்பி) வழியாகத் தொடங்கி, பாதியில் வயிற்றைத் திறந்துவிட்டார்கள். ஆறு நாள் ஆகிறது. தோள்பட்டையில் வலித்தது, தையல் ஓரம் மரத்திருக்கிறது. பின்னாளில் குழந்தைப்பேறு தடைப்படுமா? நேற்று முதல் காய்ச்சலும் பேதியும். வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் கொடுக்கிறேன். திறந்த அறுவையில் தொல்லை அதிகம் என்று இணையத்தில் படித்துத் தூக்கமே போய்விட்டது.

பதில்: இன்றே மகளை அறுவை செய்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் அம்மா. மீதியைப் பிறகு படிக்கலாம்.

அறுவை முடிந்த முதல் ஓரிரு நாள் உடம்பு சற்றுச் சுடுவது வழக்கம். ஐந்தாம் நாளில் புதிதாகக் காய்ச்சல் வருவது அப்படிப்பட்டதல்ல. அடிவயிற்றில் சீழ் தேங்கினால் அது மலக்குடலை உறுத்தும். அடிக்கடி கழிப்பறைக்கு ஓடுவாள். போவதோ கொஞ்சம் சளிதான். பலரும் இதைச் சாதாரணப் பேதி என்று நினைத்து மாத்திரை கொடுத்து நாளைக் கடத்திவிடுகிறார்கள். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். சீழ் இருந்தால் பெரும்பாலும் தோல் வழியே மெல்லிய குழாய் விட்டே வடித்துவிடலாம். வயிறு உப்பினாலோ, கல்போல் இறுகினாலோ, வாந்தியோ குளிர் நடுக்கமோ வந்தாலோ நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

அந்த மிச்ச மாத்திரையை இனித் தொடாதீர்கள். காய்ச்சலை அது மழுப்பும், தேங்கிய சீழை அகற்றாது. எந்த மாத்திரை, எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

டாக்டர் கைதவறிவிட்டாரோ என்ற சந்தேகம்தானே உங்களை அரிக்கிறது? குடல்வால் வெடித்திருப்பதும், பெருங்குடலுக்குப் பின்னால் ஒட்டிக்கிடப்பதும், சுற்றியுள்ள குடல் திரண்டு கட்டியாகியிருப்பதும் பல நேரங்களில் கேமரா உள்ளே போன பிறகுதான் தெரியும். அப்போது விரலால் தடவித்தான் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியும். நீளக் கருவியின் நுனிக்கு அந்த உணர்வு இல்லை. துளை வழியாகவே முடிப்பேன் என்று அடம்பிடித்துக் குடலைக் கிழிப்பதுதான் தவறு. அறுவைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். ஏன் திறந்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும்.

நீங்கள் இணையத்தில் படித்தது பாதி உண்மை. நுண்துளையில் வலி குறைவு, தோல் காயத்தில் சீழ் பிடிப்பதும் குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம். ஆனால் வயிற்றுக்குள் சீழ் தேங்குவது அந்த முறையில்தான் சற்று அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். உங்கள் மகளுக்கு ஆபத்தைக் கூட்டுவது வெட்டின் நீளமல்ல, குடல்வால் வெடித்திருந்ததா என்பதுதான். ஸ்கேன் எடுக்கும்போது அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோள் வலி, வயிற்றில் செலுத்திய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தியதால் வந்தது. மரத்துப்போனது தோல் நரம்பு அறுபட்டதால்; மாதக்கணக்கில் மெல்லக் குறையும். குடல்வாலை எடுக்கும்போது கருப்பையையோ சூலகத்தையோ தொடுவதில்லை. அதற்காக இப்போது தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காய்ச்சலைக் கவனியுங்கள்.