வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் சம்பளம் போய்விடுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் 19,500 ரூபாய். வீடு அவிநாசியில். பழைய கார் ஒன்று வாங்கி, அதில்தான் போய் வருகிறேன். போன வாரம் காலையில் வேலைக்குப் போகும்போது அனுப்பர்பாளையம் அருகே பின்னால் வந்த சரக்கு வேன் மோதி, இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு. கம்பெனியில் கேட்டால், "கேட்டுக்கு வெளிய நடந்ததுக்கு நாங்க என்னங்க பண்றது? கார்ல வர்றவருக்கு எதுக்கு இ.எஸ்.ஐ.? லாஸ் ஆஃப் பே போட்டுக்கங்க" என்கிறார்கள். வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தி டீ குடித்தேன். அது தெரிந்தால் சிக்கலாகுமா?

பதில்: லாஸ் ஆஃப் பே (சம்பளமில்லா விடுப்பு) கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குப் பணம் வர வழி இருக்கிறது, அதுவும் சாதாரண நோய் விடுப்புக்கு வருவதைவிடக் கூடுதலாகவே.

கேட்டுக்கு உள்ளே நடந்தால்தான் வேலை விபத்து என்று நம் பக்கம் பலரும் நம்புகிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து திரும்பும்போதோ நடக்கும் விபத்தையும் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2010-இலேயே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு ஒட்டிவர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சைக்கிளில் போனீர்களா, டவுன் பஸ்ஸா, சொந்தக் காரா என்பது கணக்கில் வராது. இ.எஸ்.ஐ. வரம்பு சம்பளத்தை வைத்துத்தான்: மாதம் 21,000 ரூபாய் வரை. ஓவர்டைம் பணம் அந்த வரம்பில் சேராது. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது மாதம் 146 ரூபாய் சொச்சம் பிடிக்கிறார்கள். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறது. அந்தப் பணத்துக்கு உரிய பாதுகாப்பைத்தான் இப்போது கேட்கிறீர்கள். இதில் தயங்க ஒன்றுமில்லை.

காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று படுத்தால் வருவது நோய்க்காலப் பயன்: சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. பங்களிப்புக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளாவது பிடித்தம் ஆகியிருக்கவும் வேண்டும். வேலை விபத்துக்கு வருவது தற்காலிக ஊனப் பயன். இது 90 சதவீதம். மூன்று நாளாவது வேலை செய்ய முடியாமல் இருந்தால் முதல் நாளிலிருந்தே கிடைக்கும். 78 நாள் கணக்கு கிடையாது. உங்கள் தினச் சராசரி 650 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 42 நாளுக்கு 24,570 ரூபாய். இதையே நோய் விடுப்பாக எழுதிவிட்டால் 18,200 ரூபாய்தான். சான்றிதழில் "வேலை விபத்து" என்று பதிவாகிறதா என்பதைக் கவனிக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, பலரும் ஏமாந்து போகும் இடம். இரண்டாவது வாரம் கம்பெனியிலிருந்து போன் வரும்: "ஷிப்மெண்ட் நேரமுங்க, சும்மா வந்து உக்காந்து பாத்துக்கிட்டாப் போதும்." நல்ல மனதோடுதான் கூப்பிடுவார்கள். ஆனால் வேலை செய்த நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் கிடையாது, நீங்கள் பஞ்ச் வைத்துவிட்டால் அந்த நாள் போயிற்று. சம்பளத்தோடு கூடிய ஈ.எல். (ஈட்டிய விடுப்பு)-இல் கழித்தாலும் அதே கதைதான். சேர்த்து வைத்த ஈ.எல்.-ஐ இதில் கரைக்காதீர்கள், அது தீபாவளிக்கோ வீட்டு விசேஷத்துக்கோ இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது: மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். காவல் நிலையத்தில் இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் இன்றே கொடுங்கள். இரண்டிலும் விபத்து நடந்த நேரமும் இடமும் "வேலைக்குப் போகும் வழியில்" என்ற விவரமும் இருக்க வேண்டும். கம்பெனி ஃபாரம் 12-இல் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். கேட்டுப் பார்த்தும் அனுப்பவில்லை என்றால், விபத்து விவரத்தை எழுதிப் பதிவுத் தபாலில் கம்பெனிக்கும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தனியார் மருத்துவமனையில் கட்டுப் போட்டிருந்தாலும் எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரியோடு உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் அங்கே சான்றிதழ் வாங்குங்கள். தனியார் டாக்டர் சீட்டை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

பேக்கரி விஷயம். யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். போகும் வழியிலேயே பத்து நிமிடம் டீக்கு நிற்பது பயணத்தை முறித்துவிடாது என்பதுதான் என் கருத்து. அவிநாசியிலிருந்து கிளம்பி, பல்லடம் போய் ஒரு சொந்த வேலையை முடித்துவிட்டு வரும்போது அடிபட்டிருந்தால் வாதாடுவது கஷ்டம். மறைத்த டீ பின்னால் வெளிப்பட்டால், சொன்ன மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும்.

உங்களோடு வேலை செய்பவர்களில் 21,000-க்கு மேல் வாங்குகிறவர்களும் கைவிரிக்க வேண்டியதில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் போகிற வருகிற வழி சேரும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அப்புறம் கார். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆறு வாரக் கட்டுக்கு அதில் எதுவும் வராது. பழைய கார் என்பதால் தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு) மட்டும் போட்டிருந்தால், உங்கள் பாலிசியில் காரின் சேதத்துக்கும் பணம் இல்லை. மோதியது வேன், அந்த வேனின் இன்சூரன்ஸ் மீது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும், அதனால் வக்கீலைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கட்டோடு கார் ஓட்ட வேண்டாம். நம் வண்டிகளில் கியரும் ஹேண்ட் பிரேக்கும் இடது கைக்குத்தான். உடல் தகுதியில்லாத நிலையில் ஓட்டினால் முதல் முறை 1,000 ரூபாய் வரை அபராதம். கட்டைப் பிரித்த பிறகும் மணிக்கட்டு கொஞ்ச நாள் விறைப்பாகவே இருக்கும். மருந்தகத்தில் ஃபிட்னஸ் சான்றிதழ் வாங்கும்போது, கியர் போடலாமா என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். அப்போதும் கை முழுதாகத் திரும்பவில்லை என்றால், மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்; நிரந்தர ஊனப் பயன் என்று தனியாக ஒன்று இருக்கிறது.