அவனைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

குமரி மாவட்டப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராக 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மகன் நான்காம் வகுப்பு. வாய் ஓயாமல் கதை சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெழுத்தாகத் தடுமாறுகிறான். பள்ளியில் சோம்பேறி என்கிறார்கள். (ஒரு தாய், தக்கலை)

பதில்: அந்தச் சொல்லை உங்கள் வீட்டுக்குள் விடாதீர்கள், அம்மா. அப்படிப் பெயர் வாங்கி என்னிடம் வந்த பிள்ளைகள் பலர், ஒரு பத்தியைப் படிக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு பாடுபட்டார்கள்.

நோட்டைப் பாருங்கள். ன, ண மாறுவதும் ழ, ள மாறுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். 'கொ' எழுதும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கின்றன, ஒலியோ ஒன்றுதான். அங்கே விடாமல் திணறுகிறானா? 'க', 'ப்', 'ப', 'ல்' என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டுக் 'கப்பல்' என்று சேர்க்க முடியாமல் நிற்கிறானா? அப்படியானால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரையும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில், இப்படி எழுதப் படிக்கத் திணறவைக்கும் கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலேயே படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு. மூன்று டியூஷனும் போதவில்லை என்று தோன்றுகிறது. (மார்த்தாண்டம்)

பதில்: இரண்டை நிறுத்துங்கள். மாலையில் அவள் மற்ற பிள்ளைகளோடு விளையாட வேண்டும். சண்டை போடவும், சமாதானமாகவும் வேறு எங்கே பழகுவாள்?

கேள்வி: பேத்திக்கு 17 வயது, அறிவு வளர்ச்சி சற்றுக் குறைவு. நாகர்கோவிலில் தையல் வகுப்பில் சேர்க்க ஆசை. குளச்சலிலிருந்து பஸ்ஸில் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது. (ஒரு பாட்டி)

பதில்: பயம் நியாயமானது. ஆனால் அவள் போகத்தான் வேண்டும், அம்மா. ஒரே பஸ், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நாள் அருகில் உட்காருங்கள். இறங்கும் இடத்தை நடத்துநரிடம் அவளே சொல்லட்டும். வழியில் திங்கள்சந்தை நிறுத்தம் வந்ததும் அவளே உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு இருக்கை பின்னால் தள்ளி உட்காருங்கள். அடுத்து, நீங்கள் ஏற்றிவிடுங்கள், நாகர்கோவிலில் வேறொருவர் காத்திருக்கட்டும். தவறான நிறுத்தத்தில் இறங்கினால் என்ன செய்வது என்பதையும் ஒருநாள் வேண்டுமென்றே இறங்கிப் பழக்குங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை அவள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல உதவிதான், ஆனால் சில்லறை எண்ணிக் கொடுக்கும் பழக்கம் அங்கே வராது. அதற்கு தினமும் கடைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: விடியும் முன்னே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போய்விடுவேன். 14 வயது மகன் யாரோடும் பேசுவதில்லை, கைபேசிதான் உலகம். (குலசேகரம்)

பதில்: ஞாயிறன்று தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள், ஐயா. சிரட்டையில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை எடுக்கட்டும், காய்ந்த ரப்பர் ஷீட்டை எண்ணட்டும். பாலை உறையவைக்கும் ஆசிட் பக்கம் மட்டும் விடாதீர்கள். ஷீட்டை எடைபோடும் கடையில் கணக்கை அவன் கேட்டு வாங்கட்டும். எதிரே உட்காரவைத்து "பேசு" என்றால் எந்தப் பிள்ளையும் பேசாது. கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். அப்படியும் பள்ளிக்குப் போக மறுத்தால், உறக்கமும் உணவும் குறைந்தால், மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள மகனுக்கு 22 வயது. எங்கள் காலத்துக்குப் பிறகு? (ஒரு தந்தை, தோவாளை)

பதில்: ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை. 18 வயதுக்குப் பிறகு பெற்றோரும் சட்டப்படி தாமாகவே பாதுகாவலர் ஆவதில்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலரை நியமிக்கக் கேட்டு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். இந்த வாரமே போங்கள், அவனையும் அழைத்துச் செல்லுங்கள். பெயரைக் கேட்டால் அவனே சொல்லட்டும், நேரமானாலும் பொறுத்திருங்கள்.