எல்லா நோட்டிலும் ஒரே பேய்

கேள்வி: எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். திகில் சிறுகதை எழுதச் சொன்னால் எல்லோரும் அமாவாசை, கொலுசுச் சத்தம், வெள்ளைப் புடவை என்றே எழுதுகிறார்கள். கடைசியில் 'எல்லாம் கனவு'. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: பிள்ளைகள் சினிமாவில் பார்த்ததை எழுதுகிறார்கள். அங்கே கொலுசுக்குப் பின்னணி இசை துணை நிற்கிறது, நோட்டில் அது கிடையாது. அதனால் காதால் கேட்ட கதைகளிலிருந்து தொடங்குங்கள். ஊரில் பேய்க்கதை சொல்கிறவர் 'ஓர் ஊரில்' என்று ஆரம்பிக்கவே மாட்டார். "நம்ம கம்மாய்க்கரைப் புளியமரம் இருக்குல்ல, அங்கதான். உங்க சின்ன மாமாவுக்கே நடந்துச்சு" என்பார். இடமும் ஆளும் தெரிந்தவை என்பதால் பாதி நம்பிவிடுகிறோம். அப்படி ஒரு கதையை வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

அடுத்த வகுப்பில், சாயங்காலம் தன் வீட்டில் வழக்கமாக நடப்பதை ஐந்தாறு வரியில் எழுதட்டும். பிறகு அதில் ஒன்றே ஒன்றை மட்டும் தப்பாக்கட்டும். இப்படி:

"டியூஷன் முடிந்து வந்தேன். வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள்: 'சரிங்க, பஸ் ஏறினதும் சொல்லுங்க.' யாரும்மா என்றேன். 'அப்பாதான்டா' என்றாள்."

மணி ஏழுகூட ஆகியிருக்காது. பேய் வரவில்லை, யாரும் நடுங்கவும் இல்லை. ஆனால் குளியலறையில் இருப்பது யார் என்று படிப்பவரே கேட்டுக்கொள்வார். இந்த இடத்தைக் கரும்பலகையில் எழுதி, கதையை இங்கேயே நிறுத்தலாமா, கதவைத் திறக்கலாமா என்று வகுப்பில் விவாதிக்க விடுங்கள். திறந்தே ஆகவேண்டும் என்று பாதிப்பேர் சண்டை போடுவார்கள். போடட்டும். திறந்தாலும், உள்ளே இருப்பது பேச ஆரம்பித்தால் பயம் போய்விடும். முருங்கைமரத்து வேதாளத்தைப் பார்த்து யாராவது பயந்தோமா? அதுதான் வாய் ஓயாமல் பேசுகிறதே!

பேய், பயம், ரத்தம், நள்ளிரவு, திடீரென்று: இந்த ஐந்து சொல்லுக்கும் தடை போடுங்கள். 'திடீரென்று' போனாலே நடை பாதி சரியாகிவிடும். கனவு முடிவுக்கும் தடைதான். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

திருத்துவதற்கு முன்னால் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பு எங்கே அடங்குகிறது, எங்கே சிரிக்கிறது என்பது எழுதியவனுக்கே தெரிந்துவிடும். சிவப்பு மையைவிட அது நன்றாகச் சொல்லித்தரும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மனநலம் குன்றியவர், சுடுகாட்டில் வேலை செய்பவர் போன்றோரைப் பயமுறுத்தும் உருவமாக்கினால் மாற்றி எழுதச் சொல்லுங்கள். அப்புறம், வீட்டில் சமீபத்தில் சாவு நடந்த பிள்ளை இருந்தால் முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டு, வேறு தலைப்பில் எழுதலாம் என்று சொல்லிவிடுங்கள்.